தொண்ணூற்றெட்டு ராத்தல்

குதிரைப்பாறை எஸ்டேட்டில் ஊனமுற்ற தொழிலாளர் சகாய சங்கம் என்று ஒன்று இருந்தது. அதற்கு ஒரு தலைவர், ஒரு காரியதரிசி, ஏழு கமிட்டி அங்கத்தினர்கள், ஓர் இரும்பு அலமாரி, இரண்டு ரப்பர் முத்திரைகள் இருந்தன. சகாயம் பெறும் ஊனமுற்ற தொழிலாளி ஒருவன் இருந்தான். அவன் பெயர் பெரியமுத்து. ஆரம்பத்தில் ஐந்து பேர் மனுப் போட்டிருந்தார்கள். சங்கத்தின் நியமங்களைப் படித்துக் காட்டியதுமே மற்ற நால்வரும் குணமாகிவிட்டார்கள்.

பெரியமுத்து தேயிலை பாக்டரியில் ரோலர் ஓட்டியவன். வாடிய கொழுந்தை உருட்டிப் பிழியும் அந்த எந்திரம் 1953 ஐப்பசியில் ஒருநாள் கொழுந்தோடு சேர்த்து அவன் வலது கையையும் மணிக்கட்டுவரை வாங்கிக்கொண்டது. எந்திரத்தை நாற்பது நிமிடம் நிறுத்திக் கழுவ வேண்டியிருந்தது. அன்றைய தூளின் தரம் எவ்விதத்திலும் குறையவில்லை என்று பாக்டரி அறிக்கை சொல்கிறது. கையைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை.

அவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று தீர்மானிக்கக் கமிட்டி மூன்று முறை கூடியது. மனிதனுக்குக் கை இரண்டு, போனது ஒன்று, ஆகவே பாதிச் சம்பளம் என்றார் ஓர் அங்கத்தினர். போனது முழுக் கை அல்லவே, மணிக்கட்டுக்குக் கீழேதானே என்றார் இன்னொருவர். கடைசியில் மாதம் பதினாலு ரூபாய் என்று முடிவாயிற்று. சகாயம் கிடைக்கும் காலம்வரை லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், அவனுடைய அறையிலேயே இருந்துகொள்ளலாம். சகாயம் நின்றால் அறையும் போகும். பிறகு போடிமெட்டு வழியாகக் கீழே இறங்க வேண்டியதுதான். கீழே அவனுக்கு யாரும் இல்லை.

சங்கத்தின் தலைவர் எஸ்டேட் மானேஜரான பெரிய துரை. அவர் குதிரைகளை அறிந்தவர். மூன்றாவது கூட்டத்தின் முடிவில் அவர் எழுந்து சொன்னதை, காரியதரிசியான ஹெட் கிளார்க் கோசி தமிழில் எழுதிவைத்திருக்கிறார்:

“வேலை செய்யாத குதிரைக்குத் தீனி வைப்பது ஒரு கலை. அது கொழுத்தால் தீனி அதிகம். இளைத்தால் குதிரைக்காரன் கொள்ளுத் தீனியைத் திருடுகிறான். எடை மாறாமல் இருந்தால் மட்டுமே தருமம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். மனிதன் குதிரையைவிட எந்த விதத்தில் குறைந்தவன்?”

கமிட்டி கைதட்டியது. சகாயம் பெறுபவனை மாதாமாதம் முதல் சனிக்கிழமை நிறுக்க வேண்டும் என்று நியமம் பிறந்தது.

முதல் எடையைத் துரையே பார்த்தார். தை மாதம், நல்ல வெயில். பங்களாச் சமையல்காரர் கொடுத்த ரொட்டியும் டீயும் பெரியமுத்துவின் வயிற்றில் இருந்தன. தோளில் கம்பளி இருந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டி, அதற்குள் அவனை உட்கார வைத்துத் தொங்கவிட்டார்கள். தொண்ணூற்றெட்டு ராத்தல். கோசி அதைச் சிவப்பு மையில் எழுதி, இரண்டு முத்திரைகளையும் குத்தினார்.

அந்த வாரம் கணக்கப்பிள்ளை மாரப்பன் ஒரு கல்யாணத்துக்காகப் போடிக்குப் போயிருந்தார். அதுதான் பெரியமுத்துவின் கேட்டுக்குக் காரணம்.

மாரப்பன் இருபத்திரண்டு வருஷமாகக் கொழுந்து நிறுத்தவர். பெண்கள் பறித்துக் கொண்டுவந்து கொட்டும் கொழுந்தில் சாக்குக்கு இரண்டு ராத்தல் கழிப்பார். சாக்கு அரை ராத்தல்கூட இராது என்று எல்லோருக்கும் தெரியும், சாக்குக்கும் தெரியும். மழை நாளில் ஈரக் கழிவு, நூற்றுக்கு எட்டு. அவருடைய கை பழக்கத்துக்கு அடிமை. வந்ததை வந்தபடி எழுத அதற்குத் தெரியாது.

மாசி மாதச் சனிக்கிழமை பெரியமுத்துவைச் சாக்கில் தொங்கவிட்டபோது கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

“ஏ மாரப்பண்ணே, இளங்கொழுந்தா முத்தலா?” என்று கேட்டாள் குருவம்மாள். “முத்தலா இருந்தா அதுக்கும் ஒரு கழிவு போடுங்க.”

“வாய மூடு. அடுத்தது ஒன் கூடதான்,” என்றார் மாரப்பன். முள்ளைப் பார்த்தார். “தொண்ணூத்தெட்டு. சாக்குக்கு ரெண்டு போக தொண்ணூத்தாறு.”

சாக்குக்குள் இருந்து பெரியமுத்துவின் தலை எட்டிப் பார்த்தது. “அய்யா, நான் கொழுந்து இல்லீங்களே.”

“தராசுல ஏறுனா எல்லாம் கொழுந்துதாம்லே. எறங்கு.”

திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. கோசி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவனை வருத்தத்தோடு பார்த்தார். கோட்டயம் பக்கத்துக்காரர், மலைக்கு வந்து தமிழ் பழகியவர். கோபம் வந்தால் அந்தத் தமிழ் ஊருக்குத் திரும்பிப் போய்விடும்.

“எடோ பெரியமுத்து, சங்கத்தின்ட ரெண்டு ராத்தல் எவிடே?”

“தெரியலீங்கய்யா. சாக்குக்குக் கழிச்சாக.”

“கணக்கப்பிள்ளைய குத்தம் பறயாதே. நான் சோதிக்கிறது நின்ட ஒடம்ப. பதினாலு ரூபா யாருக்குத் தந்து? தொண்ணூத்தெட்டு ராத்தல் ஒடம்புக்குத் தந்து. ஏழு ராத்தலுக்கு ஒரு ரூபா. இப்போ ரெண்டு ராத்தல் கொறவு. அந்த ஆகாரம் வேற எங்கேயோ போயி. எங்கே போயி?”

பெரியமுத்துவுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. அதுவும் ஓர் ஊனம்தான், ஆனால் சங்கத்தின் பட்டியலில் இல்லை.

“எம் பொண்டாட்டிக்கு நெஞ்சுல இளப்புங்கய்யா. கொழுந்துக் கூட தூக்க முடியாம பேர வெட்டிட்டாக. வாரத்துக்கு ரெண்டு முட்ட குடுக்கச் சொன்னாரு சித்திரபுரத்து டாக்டரு. நான் கஞ்சியக் கொறச்சுக்கிட்டு அதுக்கு முட்ட வாங்குதேன்.”

கோசி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். சங்க நிதியைக் கையாடியவனை அவர் இத்தனை பக்கத்தில் பார்த்ததே இல்லை.

“அவளுக்கு ரெண்டு கையும் உண்டல்லோ?”

“உண்டுங்கய்யா.”

“பின்னே எப்படி அவ சகாயத்தத் தின்னும்? இது ஊனமுற்றவர் சங்கம். மனசிலாயோ? ஒரு ஆளுக்குத் தந்தது இன்னொரு ஆளுட வயித்துல போனா அதுக்கு நியமத்துல ஒரு பேரு உண்டு. நான் பறயல.”

எழுத்தில் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. பெரியமுத்து இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி வாங்கிக்கொண்டான். வலது கைப் பெருவிரல்தான் வேண்டும் என்று படிவத்தில் இருந்ததால், அதற்கு விலக்குக் கேட்டுத் தனியாக ஒரு மனு எழுத வேண்டியிருந்தது.

அடுத்த எடைக்கு முன்னால் மூன்று நாள் அவன் முட்டையை நிறுத்தினான். அவன் மனைவி வேலுத்தாய் தன் பங்குக் கஞ்சியையும் அவன் பக்கம் தள்ளினாள். “குடிங்க. எனக்கு வேண்டாம். தராசுக்குப் பசிக்கும்,” என்றாள். சனிக்கிழமை காலையில் இரண்டு செம்பு தண்ணீரும் குடித்துவிட்டு அவன் கொட்டகைக்கு மெல்ல நடந்துபோனான். சாக்குக்குக் கழித்த பிறகும் தொண்ணூற்றொன்பது காட்டியது.

இந்தத் தடவை கோசிக்கு வருத்தம் இன்னும் அதிகம்.

“ஒரு ராத்தல் கூடியிருக்கு. சகாயத்துல சுகிக்கக் கூடாது, பாடில்லா. எந்தா தின்னது?”

“தண்ணிங்கய்யா.”

“தண்ணிக்கு சங்கம் ரூபா தரலியே.”

சுகபோகத்துக்காக ஒரு ரூபாய் பிடிக்கப்பட்டது. ஒரு மனிதனைக் குறையவும் விடாமல் கூடவும் விடாமல் வைத்திருப்பது எவ்வளவு சிரமம் என்று கோசி அன்று மாலை டென்னிஸ் கோர்ட்டில் நண்பர்களிடம் சொன்னார். குறிப்பாக அவனே ஒத்துழைக்காதபோது.

சித்திரையிலும் வைகாசியிலும் எப்படியோ தொண்ணூற்றெட்டில் நின்றான். அப்புறம் ஆனி பிறந்தது. அந்த மலையில் ஆனியில் மழை பெய்வதில்லை. மழைக்குள்தான் மலை இருக்கும். பெரியமுத்துவின் லயத்திலிருந்து கொட்டகை இரண்டு மைல். அவன் வந்து சேர்ந்தபோது கம்பளியிலிருந்து தண்ணீர் ஓடியது. மாரப்பன் முள்ளைப் பார்த்தார். கண்ணை மூடி உதடு அசைத்தார்.

“ஈரக் கழிவு போட்டு, சாக்குக்குப் போட்டு... எம்பத்தாறு.”

“எம்பத்தாறா! அய்யா, கம்பளிய வேணா அவுத்து வச்சிட்டு ஏறுதேன்.”

“ஒன் ஒடம்புக்குள்ள எவ்வளவு தண்ணி இருக்குன்னு எனக்கு எப்படிலே தெரியும்? மழன்னா எட்டு. இருவத்திரண்டு வருசமா எட்டு. பெத்த தாயி வந்து தொங்குனாலும் எட்டுதான்.”

அவர் குரலில் பகை இல்லை. அந்தக் கையால் வேறு மாதிரி எழுத முடிந்திருந்தால் அவர் இன்னும் கணக்கப்பிள்ளையாக இருந்திருக்க மாட்டார்.

ஒரே மாதத்தில் சங்கத்தின் பன்னிரண்டு ராத்தல் காணாமல் போயிற்று என்ற செய்தி கமிட்டியை உலுக்கிவிட்டது. அவசரக் கூட்டம் நடந்தது, கேக்கோடு. அடுத்த எடையில் தொண்ணூற்றெட்டு இல்லையென்றால் பெயர் நீக்கப்படும், ஏழு நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. துரை அதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: சங்கம் இதை மிகுந்த மனவேதனையோடு செய்கிறது.

தீர்மானத்தைக் கேட்டுவிட்டு வேலுத்தாய் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு என்றால் மூன்று கல். இருமல் அடங்கும்வரை பொறுத்துவிட்டுச் சொன்னாள்:

“அவுகளுக்கு ஒடம்பா வேணும்? கனந்தான வேணும்.”

“என்ன சொல்லுத?”

“இந்தக் கல்லு மூணும் சும்மாத்தான கெடக்கு. சனிக்கெழம ஒருநேரம் உலை வைக்காம இருந்தாப் போச்சு. வச்சாலும் அதுல போட என்ன இருக்கு?”

எஸ்டேட் வாசலில் நூர்தீனின் மளிகைக் கடை. பாலக்காட்டுக்காரர், அப்பா காலத்தில் மலையேறி வந்த குடும்பம். பெரியமுத்து கரி படிந்த மூன்று அடுப்புக்கல்லைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் அவருடைய தராசில் வைத்தான்.

“ஏனுங்க பெரியமுத்து, இதென்ன வியாபாரமுங்க?” என்றார் நூர்தீன். “அரிசியில கல்லு கெடக்குதுன்னு சண்ட போடுவாங்க. நீங்க கல்லத் தனியாவே கொண்டாந்துட்டீங்களே?”

“எத்தன ராத்தல்னு பாத்துச் சொல்லுங்க பாய்.”

“பதினாலுங்க. இத வச்சு என்ன பண்றதாம்?”

“திங்கப் போறேன்.”

நூர்தீன் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார். காலணாவுக்குக் கருவாட்டுத் தூள் கேட்டவனுக்குக் கொஞ்சம் கூடவே மடித்துக் கொடுத்தார்.

ஆடிச் சனிக்கிழமை வேலுத்தாய் தன் பழைய சேலையைக் கிழித்து மூன்று கல்லையும் அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள். மேலே சட்டை, அதற்கு மேலே கம்பளி. நிறைமாதக்காரியைப் போல அவன் பின்னால் சாய்ந்தபடி இரண்டு மைல் மழையில் நடந்தான். மாரப்பன் ஈரத்துக்குக் கழித்தார், சாக்குக்குக் கழித்தார், எழுதினார்: தொண்ணூற்றெட்டு.

ஆவணியிலும் தொண்ணூற்றெட்டு. புரட்டாசியில், ஐப்பசியில், கார்த்திகையில், மார்கழியில் தொண்ணூற்றெட்டு. மழை குறையக் குறைய ஈரக் கழிவும் குறைந்திருக்க வேண்டும், அப்படியானால் எடை கூடியிருக்க வேண்டும் என்று யாராவது யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. எடை கூடாததற்குக் காரணம் எளிது. வேலுத்தாய்க்கு முட்டை இப்போது வாரத்துக்கு மூன்று. மழை வற்றிய அளவுக்கு அவன் உடம்பும் வற்றிக்கொண்டு வந்தது. கல் மட்டும் இளைக்கவில்லை. அவளுக்கு இளைப்புத் தணிந்து, மேட்டில் ஒரே மூச்சில் பத்தடி ஏற முடிந்தது. இந்த முன்னேற்றம் சங்கத்தின் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

தை மாதம் சங்கத்தின் முதல் ஆண்டு விழா. கொச்சியிலிருந்து கம்பெனியின் பெரியவர் ஒருவர் காரில் வந்திருந்தார். வாழைமரம் கட்டியிருந்தது. கொட்டகைத் தராசுக்கு வெள்ளை வர்ணம் பூசி ரோஜா மாலை போட்டிருந்தார்கள். சாக்குகூடப் புதிது.

கோசி ஆண்டறிக்கை வாசித்தார். “நமது சகாயத்தால் இவ்வாண்டு ஒரு மனிதன் பூரண ஸ்திரநிலை அடைந்திருக்கிறான். ஆறு மாதமாக ஒரு ராத்தல்கூட மாறவில்லை. இந்தியாவில் எந்தத் தர்ம ஸ்தாபனமும் தன் தர்மத்தை இவ்வளவு துல்லியமாக நிறுத்துப் பார்த்ததில்லை.”

பெரியவர் பெரியமுத்துவை மேடைக்கு அழைத்துக் கழுத்தில் மாலை போட்டார். மாலையின் எடை என்னாகுமோ என்று அவன் பயந்தான். நல்லவேளை, நிறுக்குமுன் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அடுத்து பரிசு வழங்கும்போது வேண்டுமாம்.

சாக்கில் ஏற்றினார்கள். வெயில் காய்ந்தது, ஈரக் கழிவுக்கு வழியில்லை. மாரப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாக்குக்கு மட்டும் கழித்தார்.

“தொண்ணூத்தெட்டு!”

கைதட்டல் அடங்கவே இல்லை. பெரியவர் எழுந்து நின்று தட்டினார். துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியமுத்துவை இறக்கினார்கள். அப்போதுதான் துரையின் நாய் மேடைக்கு வந்தது.

அந்த நாய்க்குச் சங்கத்தைப் பற்றித் தெரியாது. கருவாட்டைப் பற்றித் தெரியும். வேலுத்தாய் கருவாடு சுடுவது அடுப்புக் கல்லின் மேல் வைத்துத்தான். நாய் பெரியமுத்துவைச் சுற்றி வந்து முகர்ந்தது, கம்பளிக்குள் மூக்கை விட்டது, சேலைத் துணியின் முனையைக் கவ்வி இழுத்தது. அவன் ஒரு கையால் எதைப் பிடிப்பான்? முடிச்சு அவிழ்ந்தது. கரி படிந்த மூன்று கல் ஒவ்வொன்றாக மேடைப் பலகையில் விழுந்து உருண்டன. கடைசிக் கல் பெரியவரின் பூட்ஸில் முட்டி நின்றது.

நாய் ஒரு கல்லை நக்கிக்கொண்டிருந்தது.

“மோசடி!” என்றார் கோசி. இந்த வார்த்தையை அவர் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் தமிழிலும் சொன்னார், யாருக்கும் விட்டுப்போகக் கூடாது என்று.

மாரப்பன் முகம் சிவந்துபோய் முன்னால் வந்தார். “அட பாவி! ஆறு மாசமா கல்லுக்கா நான் ஈரக் கழிவு போட்டேன்? கல்லுக்கு ஏதுலே ஈரம்? என் தொழிலயே கெடுத்திட்டியே!”

“அவனை உடனே வெளியேற்றணும்,” என்றார் கமிட்டியில் ஒருவர்.

பெரியமுத்து பெரியவரைப் பார்த்துக் கும்பிட முயன்றான். ஒரு கையால் கும்பிடுவது சலாம் போடுவதைப் போல இருந்தது. “சாமி, ரூமைப் பிடுங்கிடாதீக. அவ இப்பத்தான் ரெண்டு வார்த்த சேந்தாப்பல பேசுதா. இந்தப் பனியில வெளிய போனா தாங்க மாட்டா.”

பெரியவர் கையை உயர்த்தினார். அவர் சிந்திக்கும் மனிதர் என்று கொச்சியில் பெயர் உண்டு. கல்லை நிறுக்கச் சொன்னார். பதினாலு ராத்தல். பிறகு அவர் ஆங்கிலத்தில் பேசப் பேசக் கோசி மொழிபெயர்த்தார்:

“நாம் ஆத்திரப்படக் கூடாது. உண்மையைப் பார்க்க வேண்டும். இந்த மனிதனில் பதினாலு ராத்தல் கல்லாக இருந்திருக்கிறது. கல் சாப்பிடுமா? சாப்பிடாது. ஆகவே இவன் எண்பத்து நாலு ராத்தலில் உயிரோடு இருக்க முடியும் என்று தன் சொந்த முயற்சியால் நிரூபித்திருக்கிறான். நாம்தான் இதுவரை அறியாமல் கல்லுக்குத் தீனி போட்டுவந்தோம். நம் தவறை இவன் திருத்தியிருக்கிறான். இவனைத் தண்டிப்பது நன்றிகெட்ட செயல். எடையை எண்பத்து நாலு என்று திருத்துங்கள். ஏழு ராத்தலுக்கு ஒரு ரூபாய். இனி மாதம் பன்னிரண்டு ரூபாய். அறை இருக்கட்டும். நாம் இரக்கமுள்ளவர்கள்.”

இந்த முறை கைதட்டல் முன்னதைவிட நீண்டது. ஏழு மாதமாகக் கல்லுக்கு அதிகமாகப் போன பதினாலு ரூபாயைத் தவணையில் பிடித்துக்கொள்வது என்றும் தீர்மானமாயிற்று. எண்பத்து நாலுக்குக் கீழே இறங்கினால் பழைய நியமம் அப்படியே நடக்கும். கற்களைக் கோசி துடைத்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்த அலமாரியில் சங்கத்துக்குச் சொந்தமாக உருப்படியான பொருள் வந்து சேர்ந்தது அன்றுதான்.

பெரியமுத்து திரும்பி வந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வேலுத்தாய் வாசலில் நின்றாள். அவன் இடுப்பைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ரூமு?”

“ரூமு இருக்கு. ரெண்டு ரூவாயக் கொறச்சிட்டாக. தவண வேற.”

“கல்லு?”

“அலமாரியில வச்சுப் பூட்டிட்டாக.”

“நம்ம அடுப்ப வச்சு அவுக என்ன செய்யப் போறாக?”

உள்ளே அடுப்பிருந்த இடத்தில் மூன்று கருவட்டங்கள் இருந்தன. காலையிலிருந்து இருவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இரண்டு பேரும் லயத்துக்குப் பின்னால் ஓடைக்கு இறங்கினார்கள். வேலுத்தாய் தண்ணீருக்குள் கால் வைத்து, நன்றாக உருண்ட கல் ஒன்றைப் புரட்டி இரண்டு கையாலும் தூக்கினாள். பழைய கல்லைப் போலவே இருந்தது.

பெரியமுத்து அதை இடது கையில் வாங்கி ஏந்திப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைத்தான், மாரப்பனைப் போலவே.

“இது அஞ்சு ராத்தல் வரும் புள்ள. வேண்டாம். இனி எம்பத்து நாலுதான். ரெண்டு ரூவா கொறஞ்சதுக்கு ஒடம்புல ரெண்டு ராத்தல்தான் எறங்கும். சின்னதா எடு.”

அவள் கல்லைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டுக் குனிந்து, உள்ளங்கையில் அடங்குவதாக மூன்று பொறுக்கினாள்.

“இதுல பெரிய சட்டி நிக்காதே.”

“நிக்க வேண்டாம்,” என்றான் அவன். “இனிச் சின்னச் சட்டிதான்.”